கார்ட்டிலிருந்து ஸ்டாக் காருக்கு: நடுவில் இருக்கும் அந்த ஆண்டுகள்

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். கார்ட் என்பது ஒருவர் உட்காரும், கூரையில்லாத சிறு பந்தய வண்டி. 1978-ல் பிரான்சின் லெ மானில் நடந்த உலக கார்ட்டிங் சாம்பியன் போட்டியில், பின்னாளில் ஃபார்முலா ஒன் உலக சாம்பியனான அயர்டன் சென்னாவும் ஓட்டினார். பட்டம் வென்றவர் லேக் ஸ்பீடு என்ற அமெரிக்கர். அதே மனிதர் பிறகு, சாலைக் காரின் உருவில் கட்டிய கனமான ஸ்டாக் கார்கள் ஓடும் அமெரிக்கப் பந்தய அமைப்பான நாஸ்காரின் உச்சத் தொடரில் 402 பந்தயங்கள் ஓட்டி, ஒன்றே ஒன்றில்தான் வென்றார். "அப்படியானால் கார்ட்டில் கற்றது ஸ்டாக் காரில் செல்லாதா? வட கரோலினாவின் சார்லட்டில் என் அக்கா மகன் பதினொரு வயதில் கார்ட் ஓட்டுகிறான். நாஸ்காரின் தேசியத் தொடர் வரை போக வேண்டும் என்கிறான். இந்தப் பாதையில் விடலாமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். லேக் ஸ்பீடைப் பற்றி ஒரு கேள்வி, பையனைப் பற்றி ஒரு கேள்வி என்று இரண்டாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: கார்ட்டில் கற்றதில் எது கூடவே வரும், எதைப் புதிதாகக் கற்க வேண்டும், அதை எங்கே கற்பது?

நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் மூன்று ஆண்டுகள் கார்ட் மெக்கானிக்காக இருந்தேன். பிறகு பதினான்கு ஆண்டுகளாக வட கரோலினாவில் லேட் மாடல் கார்களின் சேஸிஸ் வேலை, அதாவது சட்டமும் ஸ்பிரிங்குகளும் சரி செய்வது. லேட் மாடல் என்றால், சனிக்கிழமை இரவுகளில் ஊர்த் தடங்களில் ஓடும் ஸ்டாக் கார். தேசியத் தொடருக்குப் போகிறவர்களில் பலர் கடந்து போகும் வாசல். நாஸ்காரின் உச்சத் தொடரான கப் தொடரின் அணி எதிலும் நான் வேலை செய்ததில்லை. ஆகவே நடுப்படிகளைப் பற்றிச் சொல்வதெல்லாம் காருக்கு அடியில் படுத்துக் கிடந்து கற்றது. உச்சியைப் பற்றிச் சொல்வது வெளியில் நின்று பார்த்தது.

முதலில் அந்தச் சென்னா கணக்கை நேராக்கிவிடலாம். 1978-ல் லேக் ஸ்பீடுக்கு 30 வயது. மிசிசிப்பியின் ஜாக்சனைச் சேர்ந்தவர். பதின்ம வயதில் தொடங்கி, பாதி வாழ்நாளைக் கார்ட்டிலேயே கழித்தவர். சென்னாவுக்கு அப்போது 18 வயது. அவருக்கு அதுதான் முதல் உலகப் போட்டி, ஆறாவதாக வந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் இரண்டாம் இடம். ஆகவே "சென்னாவைத் தோற்கடித்தவர்" என்பது உண்மைதான் என்றாலும், முதிர்ந்த வித்தைக்காரர் ஒருவர் வளர்ந்துகொண்டிருந்த பையனை முந்தினார் என்றுதான் அதைப் படிக்க வேண்டும். இதனால் லேக் ஸ்பீடின் பெருமை குறைந்துவிடாது. அந்தப் பட்டத்தை அதற்குமுன் எந்த அமெரிக்கரும் வென்றதில்லை.

அடுத்தது "402-ல் ஒன்று" என்ற கணக்கு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தோல்வி போலத்தான் தெரியும். ஆனால் நாஸ்காரில் ஒரு பந்தயத்தில் நாற்பது கார்கள் வரை ஓடும், வெல்வது ஒன்று. பல ஆண்டுகள் ஓட்டியும் ஒரு வெற்றிகூட இல்லாமல் ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். லேக் ஸ்பீடு 1980-ல் இந்தத் தொடருக்கு வந்தபோது வயது 32. கூட ஓடியவர்கள் அந்தத் தொடரின் பெரும் சாம்பியன்களான ரிச்சர்ட் பெட்டி, கேல் யார்பரோ, டேல் எர்ன்ஹார்ட். தொடரின் மிகப் புகழ்பெற்ற பந்தயமான டேடோனா 500-ல், 1985-ல், பில் எலியட்டுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தார். 1988 மார்ச்சில் தென் கரோலினாவின் டார்லிங்டன் தடத்தில் அந்த ஒற்றை வெற்றி. அன்று ஓட்டியது தன் சொந்த அணியின் ஓல்ட்ஸ்மொபைலை. அந்த ஆண்டு குட்இயர், ஹூசியர் என்ற இரண்டு டயர் நிறுவனங்களுக்கும் இடையே போட்டி, டயர்ப் போர், நடந்துகொண்டிருந்தது. அவர் ஹூசியர் டயரில் ஓடினார். இரண்டாவதாக வந்தவர் ஆலன் குல்விக்கி. அவரும் சொந்த அணிக்காரர். நான்கு ஆண்டு கழித்து, 1992-ல், தொடரின் சாம்பியன் ஆனவர்.

டார்லிங்டன் என்ற பெயரை அப்படியே தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. 1950-ல் திறந்த தடம் அது. சுற்று சுமார் 2.2 கிலோமீட்டர். நிலத்தின் பழைய உரிமையாளர் தன் மீன் குட்டையைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டதால், ஒரு முனையை இறுக்கமாக வளைத்துக் கட்டினார்கள். அதனால் தடம் கோழிமுட்டை போல ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கிறது. ஒரு முனைக்குக் காரைச் சரி செய்தால் மறுமுனையில் அது சண்டை போடும். சுவரை ஒட்டியே ஓட்டியாக வேண்டும். தரை டயரை அரம் போலத் தின்னும். அங்கே 500 மைல் ஓட்டி, சொந்தப் பணத்தில் நடத்திய அணியோடு வெல்வது தற்செயலாக நடக்கிற காரியம் இல்லை. கார்ட் கொடுத்த கை அங்கே வேலை செய்திருக்கிறது என்றே நினைக்கிறேன். இது என் கணிப்பு, நிரூபிக்க வழியில்லை.

பிறகு ஏன் ஒன்றோடு நின்றது? இங்கேதான் டேரல் வால்ட்ரிப் என்ற இன்னொரு நாஸ்கார் ஓட்டுநரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். கென்டக்கியின் ஓவன்ஸ்பரோக்காரர். அவரும் பன்னிரண்டு வயதில் கார்ட்டில் தொடங்கியவர்தான். பதினாறு வயதில் ஊர்த் தடங்களில் ஸ்டாக் கார் ஓட்ட ஆரம்பித்தார். பிறகு நாஷ்வில் தடத்தில் வாராவாரம் ஓட்டி, 1970-லும் 1973-லும் அந்தத் தடத்தின் சாம்பியன் ஆனார். கப் தொடரில் முதலில் இறங்கியது 1972-ல், 25 வயதில். கடைசியில் 84 வெற்றிகள், 1981, 1982, 1985 என்று மூன்று பட்டங்கள். இருவருக்கும் வேர் கார்ட்தான். வால்ட்ரிப்புக்கு நடுவில் ஒன்பது பத்து ஆண்டுகள் கனமான கார்களோடு குடும்பம் நடத்தக் கிடைத்தன. லேக் ஸ்பீடு அந்த ஆண்டுகளைக் கார்ட்டில் செலவழித்துவிட்டு, முப்பதைத் தாண்டி நேராக உச்சத் தொடரில் இறங்கினார். கற்க வேண்டியதையெல்லாம் எர்ன்ஹார்டுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே கற்க வேண்டியிருந்தது. பணம், அணியின் பலம், அதிர்ஷ்டம் எல்லாம் இந்த வேறுபாட்டில் கலந்திருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் உங்கள் பையனுக்குப் பயன்படும் பாடம் இதில்தான் இருக்கிறது என்பது என் நம்பிக்கை: கார்ட் தொடக்கம், தீர்மானிப்பது நடுவில் இருக்கும் ஆண்டுகள்.

கார்ட் என்ன கொடுக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கார்ட்டில் ஸ்பிரிங் கிடையாது. சட்டமே வளைந்து நிமிர்ந்து ஸ்பிரிங்கின் வேலையைச் செய்கிறது. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் பூட்டியவை. வளைவில் ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் சுழல வழியில்லை. ஆகவே வளைவில் நுழைந்ததும் உள்பக்கப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து ஒரு நூல் அளவு தூக்கியாக வேண்டும். தூக்காவிட்டால் கார்ட் நேராகவே போகப் பார்க்கும். அதிகம் தூக்கினால் வேகம் செத்துவிடும். இதை எந்தக் கருவியும் சொல்லித் தராது. இருக்கை வழியாக இடுப்பு எலும்பில் உணர்ந்துதான் ஒரு குழந்தை கற்றுக்கொள்கிறது. வழுக்கல் தொடங்குவதற்கு முன்பே அதை உடம்பு அறிவது, முன்னால் போகிறவன் எங்கே தவறு செய்வான் என்று இரண்டு வளைவுகளுக்கு முன்பே மோப்பம் பிடிப்பது, முப்பது பேருக்கு நடுவில் பதறாமல் இருப்பது – இவை மூன்றும் கார்ட்டில் ஊறியவனிடம் இருக்கும். இருபது வயதில் புதிதாக வருகிறவனுக்கு இவற்றைக் கற்றுக்கொடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் அதே கை, கனமான காரில் கெடுதலும் செய்யும். கார்ட்டும் ஓட்டுபவரும் சேர்ந்து 160, 170 கிலோதான். இன்றைய கப் கார் ஓட்டுநரும் எரிபொருளும் இல்லாமலே சுமார் 1,450 கிலோ. லேட் மாடலும் ஏறக்குறைய அந்தக் கனம்தான். நடுவில் ஸ்பிரிங்குகள், ஷாக் அப்சார்பர்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்தக் கனம் ஒரு பக்கம் சாய்ந்து, டயரில் உட்கார்ந்து, பிடித்துக்கொள்ள நேரம் எடுக்கும். கார்ட்டில் உள் சக்கரத்தைத் தூக்கச் 'சட்'டென்று ஒரு வெட்டு வெட்டிப் பழகிய கைக்கு இந்தக் காத்திருப்பு பிடிபடாது.

இதை நான் கண்ணால் பார்த்த ஒரு நாளைச் சொல்கிறேன். பயிற்சிக்காக ஒரு சிறு தடத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். பதினைந்து வயதுப் பையன். கார்ட்டில் அலமாரி நிறையக் கோப்பைகள் வைத்திருந்தான். லேட் மாடலில் அன்றுதான் முதல் தடவை. பத்துச் சுற்று ஓட்டிவிட்டு வந்து, "முன்பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது" என்றான். நான் வலப்பக்க முன் சக்கரத்தின் முன் மண்டியிட்டு, வெப்பம் அளக்கும் ஊசியை டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்திலும் குத்திப் பார்த்தேன். மற்ற மூன்று டயர்களும் இதமான சூட்டில் இருந்தன. இது மட்டும் கொதித்தது. ரப்பர் கேழ்வரகு மணிகள் போலச் சுருண்டு சுருண்டு ஓரத்தில் ஒட்டியிருந்தது. கார் டைட்டாக இருக்கிறது, அதாவது திரும்ப மறுக்கிறது என்று நானும் நம்பி, பின் ஸ்பிரிங்கின் மேலிருக்கும் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். வெட்ஜைக் குறைப்பது என்று இங்கே சொல்வார்கள். அதனால் காரின் கனம் மூலைக்கு மூலை பகிர்ந்திருக்கும் விதம் மாறி, கார் இலகுவாகத் திரும்பும். அடுத்த ஓட்டத்தில் நான்காம் வளைவிலிருந்து வெளியேறும்போது பின்பக்கம் வழுக்கி, கார் சுழன்று, சுவரில் பின்புறமாகப் போய் மோதியது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தவறு என்னுடையது. காரைக் கேட்டேன், ஓட்டத்தைப் பார்க்கவில்லை.

பம்பரைத் தட்டி நிமிர்த்தி, திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். பிறகு மூன்றாம் வளைவின் உள்பக்கம் போய் நின்று, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காரின் மூக்கை மட்டும் பார்த்தேன். அவன் பிரேக்கை அழுத்தும்போது மூக்கு தாழ்ந்தது, அது சரி. ஆனால் திருப்ப வேண்டிய அந்தக் கணத்தில் பிரேக்கிலிருந்து காலை ஒரேயடியாக எடுத்தான். மூக்கு துள்ளி மேலே எழுந்தது. முன் டயரில் கனம் இல்லாத நேரம் பார்த்து ஸ்டியரிங்கை வெட்டினான். அப்புறம் கார் எப்படித் திரும்பும்? கார்ட்டில் அந்தப் பழக்கம் அவனுக்கு வெற்றி தந்திருக்கிறது. அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "பிரேக்கை மிதிப்பதில் பாதி வேலைதான், விடுவதில்தான் மீதி இருக்கிறது. தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டுக் கையை எப்படி எடுப்போமோ அப்படி எடு" என்றேன். வேகத்தைக் குறைத்து முப்பது சுற்று ஓட்டச் சொன்னேன். இருபதாம் சுற்றுக்கு மேல் மூக்கு துள்ளவில்லை. ஸ்பிரிங் எதையும் தொடாமலே கார் திரும்பியது.

அந்த ஒரு நாளில் ஒரு பழக்கம் மாறத் தொடங்கியது. அப்படி மாற வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன. பல கார்ட் பந்தயங்கள் பத்து, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் சுற்றிலிருந்தே உயிரைக் கொடுத்து ஓட்டலாம். லேட் மாடலில் பெரிய பந்தயம் நூறு, நூற்றைம்பது சுற்று போகும். முதல் நாற்பது சுற்றில் டயரை எரித்துவிட்டவன் கடைசி நாற்பதில் எல்லோருக்கும் வழிவிட்டு நிற்பான். முன்னால் போக முடிந்தும் போகாமல் நான்காம் இடத்தில் பொறுமையாக உட்கார்ந்திருப்பது ஒரு கலை. அதைப் பதினாறு வயதில் கற்பது கடினம். பலர் கற்பதே இல்லை.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வெளியார் கண்ணில் படாதது. ஓட்டுநர் பேச வேண்டும். கார் பின்னால் வழுக்குகிறது என்றால் லூஸ், முன்னால் தள்ளுகிறது என்றால் டைட்: இந்த இரண்டு சொற்களை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். எனக்கு வேண்டியது அதற்கு மேல். வளைவில் நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா? பிரேக்கை விட்ட பிறகா, ஆக்ஸிலேட்டரைத் தொட்ட பிறகா? ஐந்தாம் சுற்றில் இருந்ததா, நாற்பதாம் சுற்றில்தான் வந்ததா? காரில் மாற்றக்கூடிய இடங்கள் பல. ஓட்டுநர் சரியாகச் சொன்னால் ஒரே திருகில் முடிகிற வேலை, தவறாகச் சொன்னால் இரவு முழுவதும் ஆகும். கப் தொடரில் குழுவின் தலைமைப் பொறுப்பாளரும் ஓட்டுநரும் ரேடியோவில் பேசிக்கொள்வதைக் கேளுங்கள். நான்கைந்து சொற்களில் முடித்துவிடுவார்கள். அந்த நான்கைந்து சொற்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான சுற்றுகள் இருக்கின்றன. கார்ட்டில் பெரும்பாலும் அப்பாவோ மெக்கானிக்கோ பார்த்துச் சரி செய்துவிடுவதால், பையன்கள் வாய் திறக்கப் பழகுவதில்லை.

இனி, நடுப்படிகளை நன்றாகக் கடந்தவர்களைப் பார்க்கலாம். டோனி ஸ்டூவர்ட், இண்டியானாவின் கொலம்பஸ்காரர். 1983-லும் 1987-லும் கார்ட்டில் தேசியப் பட்டங்கள் வென்றார். அதோடு ஸ்டாக் காருக்கு ஓடிவிடவில்லை. மிட்ஜெட், ஸ்பிரின்ட், சில்வர் கிரவுன் என்று திறந்த சக்கரமுள்ள கார்களை மண் தடத்திலும் தார்த் தடத்திலும் ஓட்டி, 1995-ல் மூன்று பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். பிறகு இண்டி கார் தொடரில் ஒரு பட்டம். இவ்வளவுக்கும் பிறகு, நாஸ்காரின் இரண்டாம் நிலைத் தொடரில் 1996 முதல் 1998 வரை பகுதி நேரமாக ஓட்டியபோது ஒரு பந்தயம்கூட அவர் வெல்லவில்லை. அந்த மூன்று ஆண்டுகளை யாரும் கொண்டாடுவதில்லை. எனக்கோ அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். 1999-ல் கப் தொடருக்கு வந்த முதல் ஆண்டிலேயே மூன்று வெற்றிகள். பிறகு 2002, 2005, 2011 என்று மூன்று பட்டங்கள்.

கைல் லார்சன் கலிபோர்னியாவின் எல்க் குரோவில் வளர்ந்தவர். ஏழு வயதில் மண் தடத்தில் ஓடும், மேலே இறக்கை வைத்த கார்ட்டில் தொடங்கினார். 2011-ல் ஒஹையோவின் எல்டோரா மண் தடத்தில் மிட்ஜெட், ஸ்பிரின்ட், சில்வர் கிரவுன் மூன்றிலும் ஒரே இரவில் வென்றார். 2012-ல் ரெவ் ரேசிங் அணியில் ஸ்டாக் காருக்கு மாறி, முதல் முழு ஆண்டிலேயே நாஸ்காரின் கிழக்கு மண்டலத் தொடர்ப் பட்டம். 2014-ல் கப் தொடரின் சிறந்த புதுமுகம். ஆனால் கப் தொடரில் முதல் வெற்றி 2016 ஆகஸ்டில்தான். முதல் பட்டம் 2021-ல், அந்த ஆண்டு மட்டும் பத்து வெற்றிகளோடு. இவ்வளவு திறமைக்காரருக்கே உச்சத்தில் வெல்ல இரண்டரை ஆண்டு பிடித்தது என்பதை உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள்.

நம் ஊர்க்காரர் ஒருவரும் இந்தக் கதையில் இருக்கிறார். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டியவர், 2010-ல் நாஸ்காரின் மூன்றாம் நிலையான, பிக்-அப் டிரக் உருவில் கட்டிய வண்டிகள் ஓடும் டிரக் தொடருக்கு வந்தார். முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில். சுற்று 850 மீட்டருக்கும் குறைவு. இரண்டு நேர்ச் சாலைகளும் இரண்டு கொண்டை ஊசி வளைவுகளும் சேர்ந்து காகித கிளிப் போல இருக்கும் தடம். முழங்கையை இடித்துக்கொண்டுதான் அங்கே ஓட்ட முடியும். பதின்மூன்றாவதாக வந்தார். அந்த ஆண்டின் மிகப் பிரபலமான டிரக் ஓட்டுநர் விருதை ரசிகர்கள் வாக்களித்து அவருக்குத் தந்தார்கள். ஃபார்முலா ஒன் கை படைத்தவரே இந்த உலகில் புது மாணவராகத்தான் உட்கார வேண்டியிருந்தது. முதல் நாளில் பதின்மூன்றாம் இடம் எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்தத் தடத்தின் சுவர் ஓரமாக நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது சந்தேகமானவற்றுக்கு வருகிறேன். எந்த வயதில் தொடங்க வேண்டும் என்பதில் உறுதியான விதி இல்லை. ஐந்து வயதில் தொடங்கிய ஜெஃப் கார்டன் நான்கு பட்டம் வென்றார். வில்லியம் பைரனோ சிறுவயதில் கார்ட் ஓட்டி வளர்ந்தவரே இல்லை. வீட்டில் கணினி முன் உட்கார்ந்து பந்தயம் ஓட்டிக் கற்றார். பதின்ம வயதில்தான் உண்மையான காரில் ஏறினார். 2015-ல் கிழக்கு மண்டலத் தொடர்ப் பட்டம், 2016-ல் டிரக் தொடரில் ஏழு வெற்றிகள், 2017-ல் இரண்டாம் நிலைத் தொடரின் பட்டம், 2024-லும் 2025-லும் டேடோனா 500. இவரைப் பார்த்த பிறகு "கார்ட் இல்லாமல் முடியாது" என்று நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஆனால் பைரனை வைத்துக் கணினியே போதும் என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. அவர் மாதிரி ஒருவருக்குக் கைகூடியது எல்லோருக்கும் கைகூடும் என்பதற்கு ஆதாரம் போதாது. கணினியில் தடத்தையும் எதிராளியையும் கற்கலாம். பயத்தையும் இடுப்பு எலும்பில் வரும் அந்த உணர்வையும் கற்க முடியாது என்பது என் அனுபவம். மண் தடத்தில் ஓட்டியவர்களுக்குக் கை இலகுவாக இருக்கிறது என்று எங்கள் பட்டறையில் எல்லோரும் சொல்வோம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஜோயி லோகானோ போலத் தார்த் தடத்திலேயே வளர்ந்து பட்டங்கள் வென்றவர்களும் இருப்பதால், அதை விதியாகச் சொல்ல மாட்டேன்.

பணத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். கார்ட்டுக்கு ஒரு குடும்பம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் செலவழித்துவிடலாம். லேட் மாடலுக்கு மேல் அது முடியாது. டிரக் தொடரிலும் அதற்குக் கீழேயும் பல இருக்கைகளுக்கு ஓட்டுநர்தான் விளம்பரதாரரைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. திறமைசாலிகள் நின்றுபோகும் இடம் இதுதான். நான் வேலை செய்த பையன்களில் மிகச் சிறந்த கை படைத்தவன் இப்போது ஒரு லாரி நிறுவனத்தில் மெக்கானிக்காக இருக்கிறான். பணம் தீர்ந்ததைத் தவிர வேறு காரணம் இல்லை. இன்னும் அவனை நினைத்தால் மனம் கனக்கிறது. சிறுபான்மைப் பின்னணி உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வாய்ப்புத் தர 2004-ல் நாஸ்கார் தொடங்கிய திட்டத்தின் வழியாக லார்சன், பப்பா வாலஸ், மெக்சிகோவின் டேனியல் சுவாரெஸ் மூவரும் மேலே வந்தார்கள். சுவாரெஸும் கார்ட்டில் தொடங்கியவர்தான். 2016-ல் இரண்டாம் நிலைத் தொடரை வென்றார். அந்தத் திட்டத்தின் நிபந்தனைகள் மாறிவந்திருக்கின்றன. இன்றைய நிலையை நேரில் விசாரித்துவிட்டு நம்பிக்கை வையுங்கள்.

உங்கள் பையன் இருப்பது சார்லட்டில். வேறு எந்த ஊரில் இருந்தாலும் இவ்வளவு வசதி கிடையாது. பதினொரு வயதில் அவன் கார்ட்டிலேயே இன்னும் ஓர் ஆண்டு இருக்கட்டும். பன்னிரண்டு ஆனதும் லெஜன்ட்ஸ் கார் ஓட்டலாம். 1930, 40-களின் கார்களை எட்டில் ஐந்து பங்கு அளவில் சுருக்கி, மோட்டார் சைக்கிள் என்ஜின் வைத்தது. பக்கத்தில் ஹாரிஸ்பர்க்கில்தான் செய்கிறார்கள். கோடைக்காலத்தில் சார்லட் பெருந்தடத்தின் உள்ளே இருக்கும் கால் மைல் வட்டத்தில் அதற்கென்று தொடர் நடக்கிறது. கார்ட்டுக்கும் லேட் மாடலுக்கும் நடுவில் இதைவிட நல்ல படி எனக்குத் தெரியாது: ஸ்பிரிங் இருக்கிறது, கனம் இருக்கிறது, டயரின் பிடி குறைவு, காத்திருக்கக் கற்றுக்கொடுத்துவிடும். அதற்குப் பிறகு ஹிக்கரி போன்ற ஊர்த் தடங்களில் லேட் மாடலில் குறைந்தது இரண்டு முழுப் பருவங்கள். டிரக் தொடரில் பதினாறு வயதானால் சிறு தடங்களில் ஓட்டலாம், பெருந்தடங்களுக்குப் பதினெட்டு. பதினாறிலேயே ஏற்றிவிட வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால், அவர்களுக்கு அதில் என்ன ஆதாயம் என்று கேளுங்கள். செலவைக் குறைக்க வேண்டி வந்தால் டயரில் குறையுங்கள், பந்தய எண்ணிக்கையில் குறையுங்கள். தலைக்கவசத்திலும் கழுத்தைத் தாங்கும் பட்டையிலும் குறைக்காதீர்கள். 2001-ல் டேல் எர்ன்ஹார்ட் டேடோனாவில் இறந்த ஆண்டில்தான் அந்தக் கழுத்துக் காப்பை நாஸ்கார் கட்டாயமாக்கியது.

இன்றைக்கே தொடங்கக்கூடியது ஒன்று இருக்கிறது, காசு ஆகாதது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும், மெக்கானிக் கார்ட்டைத் தொடுவதற்கு முன்னால், பையன் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதட்டும்: நுழையும்போது என்ன செய்தது, நடுவில் என்ன செய்தது, வெளியேறும்போது என்ன செய்தது. அவன் எழுதியதை யாரும் திருத்த வேண்டாம். ஐந்தாறு வாரம் கழித்து முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "சரியில்லை" என்று எழுதியிருந்தவன் "பிரேக்கை விட்ட பிறகு முன்பக்கம் கொஞ்சம் தள்ளியது, பத்தாவது சுற்றிலிருந்து" என்று எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். லெஜன்ட்ஸ் காருக்கு முதலில் எந்த ஸ்பிரிங் போடலாம் என்று அப்போது உட்கார்ந்து பேசுவோம்.